முகத்துவாரத்து மூங்கில்

காலேஜில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னை அதிகம் கலங்கடித்தது கணக்கும் இல்லை, பௌதிகமும் இல்லை. "உன் ஃபாதர் என்ன பண்றார்?" என்ற கேள்விதான். ஹாஸ்டல் சீனியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, இதையே கேட்டார்கள். மற்ற பையன்களுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒருவன் அப்பா முன்சீஃப், ஒருவன் அப்பா தாசில்தார், இன்னொருவன் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் மில். என் முறை வந்ததும் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "மரைன் லைன்" என்றேன்.

"கம்பெனியா, சொந்தமா?"

"சொந்தம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம் இருந்தது. நாலு கட்டை, ஒரு பாய், இரண்டு துடுப்பு. கூட்டாளி என் சித்தப்பா. அன்றிலிருந்து ஹாஸ்டலில் எனக்கு "ஷிப்பிங்" என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. நானும் அதைத் திருத்தவில்லை. திருத்துவானேன்? கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கே பார்த்தாலும் அணை, பாலம், இஞ்சினீயர் என்று ஒரே பேச்சு. நான் ஏழு வயதிலேயே ராயபுரத்தில் மாமா வீட்டில் விடப்பட்டு, அங்கே பள்ளிக்கூடம் போய், எப்படியோ இன்டர்மீடியட்டும் தேறி, இந்தக் காலேஜில் வந்து விழுந்திருந்தேன். மாமா ஹார்பரில் மூட்டை இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு கால்சட்டையும் ஒரு டையும்தான் என் சீதனம். டை கட்டத் தெரியாது. ஹாஸ்டலில் ஒருவன் கட்டிக் கொடுத்த முடிச்சை மூன்று மாதம் அவிழ்க்காமல், தளர்த்தித் தலை வழியாகக் கழற்றி ஆணியில் மாட்டிவைத்தேன். கடைசியில் அது எண்ணெய்ப் பிசுக்கேறி, அவிழ்க்க முயன்றாலும் அவிழாது என்ற நிலைக்கு வந்தது.

பேச்சு இன்னொரு பாடு. "இன்னா", "கீது", "வந்துகினு" என்று வாய் வரை வரும் சொற்களைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, "என்ன", "இருக்கிறது", "வந்துகொண்டு" என்று வெளியே விட வேண்டும். இதனால் நான் எதைச் சொன்னாலும் அரை நிமிஷம் தாமதமாகவே சொன்னேன். "ஆழமாக யோசிக்கிற பையன்" என்று பெயர் வந்தது. ஆழமாவது, மண்ணாங்கட்டியாவது!

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஹாஸ்டல் மெஸ்ஸில் புதன்கிழமை போடும் மீன் வறுவல். அந்த மீனை எங்கள் குப்பத்துப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்டது போலத் திரும்பிப் போய்விடும். கண் வெளுத்து, செவுள் கறுத்து, கடலை விட்டுக் கிளம்பி மூன்று நாளாவது ஆகியிருக்கும். அதை முள்கரண்டியால் குத்தி, கத்தியால் அறுத்து, "ஆஹா, ஃபைன் ஃபிஷ்" என்று மில்காரர் மகன் சொல்வான். நானும் "ஃபைன், ஃபைன்" என்பேன். இரவெல்லாம் வயிறு கடபுடா என்று உருட்டும். உண்மையைச் சொன்னால் என்னவாம்? "இது கெட்டுப்போன மீன்" என்று சொல்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வருமே, அந்தப் பயம்தான்.

மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குப் போவேன். ராயபுரத்தில் கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கைலியும் சட்டையுமாக ரயிலேறி எண்ணூரில் இறங்குவேன். அப்பா வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே விசாரிப்பார்.

"இஞ்சினீருன்னா இன்னா பண்ணுவ?"

"பாலம் கட்டுவேன் நைனா."

"கட்டு, கட்டு. மொகத்துவாரத்த மட்டும் அடச்சிப்புடாத."

முதல் வருஷம் முடிகிற சமயத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். முதலாண்டு மாணவர்களுக்குப் பத்து நாள் சர்வே முகாம். அதில் தவறினால் வருஷமே போயிற்று. திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். அதெல்லாம் தெரிந்த விஷயம்தான். கீழே இடம் போட்டிருந்தார்கள். எண்ணூர் முகத்துவாரம்.

தமிழ்நாட்டில் வேறு இடமா இல்லை? பொட்டல், மலை, ஏரி என்று எத்தனை இருக்கிறது! காலேஜ் டாக்டரிடம் போய் ஜுரம் என்றேன். அவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் காற்று பட்டால் சரியாகிவிடும்" என்றார்.

இனி ஒன்றே ஒன்றுதான் வழி. முகாமுக்கு முந்தின ஞாயிறு ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்: "நைனா, எங்க காலேஜ்ல இருந்து இங்க அளக்க வர்றோம். அப்போ ஊர்க்காரங்க கூடப் பேசினா மார்க்கைக் கொறச்சுருவாங்க. கவர்மென்டு ரூல். யாரும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

என் வாயிலிருந்து இத்தனை நீளமான பொய் அதற்கு முன் வந்ததில்லை. அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று மாலையே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். "புள்ள வருது. எவனாவது பேசி மார்க்க கெடுத்தீங்க, நான் சும்மா வுடமாட்டேன்."

முகாம் போட்ட நாளிலிருந்து குப்பமே நாடகம் ஆடியது. நான் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தால், எதிரே வரும் கிழவர்கள் வேகமாகத் திரும்பி வானத்தைப் பார்ப்பார்கள். என்னோடு கோலி விளையாடியவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு அந்நியர்களைப் போல விலகுவார்கள். என் அத்தைக்குத்தான் நடிப்பு வரவில்லை. மீன் கூடையோடு எங்கள் கூடாரத்துக்கு வந்து, "தொர, மீனு ஓணுமா தொர?" என்று எல்லோரையும் கேட்டுவிட்டு, என் முறை வந்தபோது சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அந்த அம்மா உன்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறா?" என்று மில்காரர் மகன் கேட்டான். எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"என் டையைப் பார்த்து இருக்கும்" என்றேன்.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மீன் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. மில்காரர் மகன் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஹாஸ்டல் டேஸ்ட் இல்லை" என்றான்.

ஏழாம் நாள் எங்கள் குழுவுக்கு முகத்துவாரத்தின் வடகரை விழுந்தது. அங்கேதான் வினை.

எங்கள் முகத்துவாரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடலும் உப்பங்கழியும் சேருகிற அந்த வாயில் மணல் ஓரிடத்தில் நிற்காது. காலையில் ஆள் முழுகும் ஆழம் இருந்த இடத்தில் மாலையில் முழங்கால் அளவு மணல்மேடு இருக்கும். அதனால் ஊர்ப் பெரியவர் ஆட்களோடு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி, ஆழமான வழி எதுவென்று பார்த்து, கரையில் இரண்டு மூங்கில் கம்பங்களை நட்டுவைப்பார். ஒன்று தண்ணீர் ஓரம், இன்னொன்று அதற்குப் பின்னால் மணல்மேட்டின் மேல். இரண்டின் உச்சியிலும் துணி. கடலிலிருந்து திரும்புகிறவன் முன்கம்பம் பின்கம்பத்தை மறைக்கிற மாதிரி கட்டுமரத்தைச் செலுத்திக்கொண்டு வந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கழிக்குள் நுழையலாம். கண்ணால் பார்க்கும் தண்ணீரை நம்பமாட்டார்கள், கம்பத்தை நம்புவார்கள். கம்பம் இடம் மாறியிருந்தால் வழி மாறிவிட்டது, பெரியவர் மாற்றி நட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பெரியவர் சொல்லாமல் கம்பத்தைத் தொடக் கூடாது. தெரிந்தே தொட்டவன் ஊர் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தன் கையாலேயே அதைத் திரும்ப நட வேண்டும். அப்புறம் ஒரு மாதத்துக்கு எவனும் அவனோடு கடலுக்குப் போகமாட்டான். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அன்று கோணம் அளக்கும் தியோடலைட்டை நிறுத்திப் பார்த்தபோது, தண்ணீர் ஓரத்து மூங்கில் எங்கள் கண்ணுக்கு இடைஞ்சலாக இருந்தது. நாங்கள் நட்ட சிவப்பு வெள்ளைக் கம்பத்துக்குப் பதில் இந்த மூங்கிலைப் பார்த்துக் கோணம் எடுத்து, இரண்டு தடவை கணக்கு உதைத்துவிட்டது. மில்காரர் மகனுக்குக் கோபம் வந்தது.

"என்ன சனியன் அது?" என்றான்.

மூங்கில் உச்சியில் கட்டியிருந்த துணி என் அம்மாவின் பழைய புடவைக் கிழிசல். கரை போட்ட பச்சை. இருநூறு அடி தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"தெரியலை" என்றேன்.

"பிடுங்கிப் போட்டுட்டு நம்ம கம்பத்துல கொடி கட்டி நல்லா நடு."

எங்கள் கம்பம் நிற்க வேண்டிய அளவை நிலையம் அங்கிருந்து முப்பது தப்படி தள்ளி இருந்தது. நான் மூங்கிலைப் பிடுங்கி மணலில் சாய்த்தேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை. கட்டுமரங்கள் திரும்பச் சாயங்காலம் ஆகும், அதற்குள் திரும்ப நட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சிவப்பு வெள்ளைக் கம்பத்தில் கொடி கட்டி எங்கள் நிலையத்தில் இன்னும் ஆழமாக நட்டேன். தூரத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்கள்.

நாலு மணிக்குப் பேராசிரியர் விசில் ஊதினார். எல்லாரும் கூடாரத்துக்குப் போய் அன்றைய அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். சுற்றி அளந்துகொண்டு வந்தால் கணக்கு புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிய வேண்டும் என்பது சர்வே சாஸ்திரம். எங்கள் கணக்கு புறப்பட்ட இடத்துக்குப் பன்னிரண்டு அடி தள்ளிக் கடலுக்குள் போய் முடிந்தது. பன்னிரண்டு அடி என்றால் பேராசிரியர் தொலைத்துவிடுவார். ஆகையால் நாங்கள் ஐந்து பேரும் டீயும் பிஸ்கோத்துமாக உட்கார்ந்து, இங்கே அரை டிகிரி கூட்டி, அங்கே ஓரடி குறைத்து, அந்தப் பன்னிரண்டு அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தோம். எல்லாக் குழுக்களும் செய்ததுதான். அதில் நான் கெட்டிக்காரன். அரைக்கால் அடிக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். மில்காரர் மகன் என் முதுகில் தட்டி, "ஷிப்பிங், யூ ஆர் எ ஜீனியஸ்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மூங்கிலின் ஞாபகமே வரவில்லை.

கத்தல் கேட்டபோதுதான் வந்தது.

வெளியே ஓடிவந்து பார்த்தேன். இருபது முப்பது பேர் மணலில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஊர்ப் பெரியவர். அவருக்குப் பக்கத்தில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, என் அப்பா. கையில் எங்கள் சிவப்பு வெள்ளைக் கம்பம். பின்னால் நாலு பேர் ஒரு பாயில் யாரையோ தூக்கி வந்தார்கள். என் சித்தப்பா. அப்பாவும் அவரும் கொடி கட்டிய புதுக் கம்பத்தைப் பார்த்து, வழி மாறிவிட்டது போல என்று நம்பி, நேராக மணல்மேட்டில் கொண்டுபோய் ஏற்றியிருக்கிறார்கள். அலை மரத்தைத் தூக்கிக் கவிழ்த்ததில் சித்தப்பாவின் கால் கட்டைக்கு அடியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வலியிலும் என் மார்க்குக்குப் பங்கம் வரக் கூடாதாம்!

"இத்த எவன் நட்டான்?" என்று பெரியவர் கேட்டார்.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய தமிழ் வீட்டுச் சமையற்காரரைத் தாண்டி வெளியே வந்து பழக்கமில்லை. "என்ன சொல்கிறார்கள்? யாருக்காவது புரிகிறதா?" என்று எங்களைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"பாத்துகினுதான் இருந்தோம்," என்று கூட்டத்திலிருந்து அத்தை அழுதாள். "கம்பத்த புடுங்கறாங்களேன்னு கேக்கத்தான் எழுந்தோம். அங்க நம்ம..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நம்ம பிள்ளை அங்கே நிற்கிறானே, அவனுக்குத் தெரியாமலா என்று இருந்துவிட்டார்கள். வந்து கேட்கலாம் என்றால் பேசக் கூடாது என்று நான்தானே சட்டம் போட்டிருந்தேன்! அங்கேயே மணல் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

மில்காரர் மகனுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. பேராசிரியர் கேட்பதற்கு முன்னாலேயே முந்திக்கொண்டான். "இவன்தான் சார் பிடுங்கினான்" என்று என்னைக் காட்டினான். சற்று முன் என்னை ஜீனியஸ் என்ற அதே வாய்.

குப்பத்தார் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு நாளில் முதல் தடவையாக யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு என் அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா கம்பத்தைக் கீழே போட்டார்.

"வுடுங்க பெரியவரே. அது வெளியூரு புள்ள. அதுக்கு இன்னா தெரியும்?"

"நல்லா பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். வெளியூருதான்."

பெரியவர் என் எதிரில் வந்து நின்றார். நான் பிறந்தபோது என் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்தவர் அவர். "தொர," என்றார். "நீ சொல்லு. தெரிஞ்சி புடுங்குனியா, தெரியாம புடுங்குனியா?"

"என்ன கேட்கிறார்?" என்றார் பேராசிரியர்.

தெரிந்துதான் பிடுங்கினேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். முன்சீஃப் மகனும் மில்காரர் மகனும் கரையில் நின்று பார்ப்பார்கள். இவன் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. வருஷம்கூடப் போயிருக்காது. இன்றைக்கு எனக்கு இது தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சித்தப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க பேசறது எனக்குப் புரியலை சார்" என்றேன். சுத்தமான தமிழில், அரை நிமிஷம் தாமதமில்லாமல் வந்தது.

அவர்கள் சண்டை போடவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவை ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலடிக்குப் போய்விட்டார்கள். பேராசிரியர், "பாவம், எளிய ஜனங்கள். நீ பயப்படாதே" என்று எனக்குத் தன் ஃப்ளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். கேவலம், ருசியாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அதே இடத்தில் வேலை தொடர்ந்தது. அந்த மூங்கிலையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள், உபயோகமான அடையாளம் போலிருக்கிறது என்று பேராசிரியர் உத்தரவிட்டார். நான் தியோடலைட்டில் கண்ணை வைத்தேன். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அப்பா இடுப்பளவு தண்ணீரில் தலைகீழாக நின்றுகொண்டு, இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்து மணலில் இறக்கிக்கொண்டிருந்தார். கரையில் ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரனுக்கு அந்தத் தண்டனை கிடையாது. கம்பத்தைத் தொடாத அவரையும் யாரும் நடச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் நட்டார். அலை வந்து சாய்த்தபோது திரும்ப நிமிர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோணத்தைப் படித்தேன்.

மில்காரர் மகன் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டான். பிறகு பென்சிலைக் காதில் சொருகியபடி, "ரிமார்க்ஸ் கட்டத்தில் என்ன போட?" என்று கேட்டான்.

"மூங்கில் கம்பம்" என்றேன். "உள்ளூர் ஆள் ஒருத்தர் நட்டது."